மகளுக்கு டேப்லெட் வாங்கலாமா? ‘பூட்டிய கருவி’ என்று நண்பர் தடுப்பதில் நியாயம் உண்டா?

பன்னிரண்டு வயது மகள் படிக்கவும் படம் வரையவும் ஒரு டேப்லெட் வாங்க நினைக்கிறீர்கள். அவள் நிரல் எழுதவும் ஆசைப்படுகிறாள். ஆனால் ‘காசு கொடுத்து வாங்கினாலும் அது உங்களுக்கு முழுச் சொந்தமாகாது’ என்று நண்பர் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். இருந்தும் டேப்லெட்டே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பூட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு அடுக்குகள் உள்ளன. எந்தச் செயலியை நிறுவலாம் என்பதை உற்பத்தியாளரின் செயலிக் கடையே முடிவு செய்வது முதல் அடுக்கு. கருவியை இயக்கும்போது, உற்பத்தியாளர் மின்னணுக் கையொப்பமிட்ட இயங்குதளத்தைத் தவிர வேறெதையும் பூட்லோடர் (இயங்குதளத்தை ஏற்றித் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) ஏற்காமல் இருப்பது இரண்டாவது. ஐபேடில் இரண்டும் இறுக்கமானவை. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் கடைக்கு வெளியிலிருந்தும் செயலிகளை நிறுவ முடியும். பூட்லோடரைத் திறக்க விடுவதா இல்லையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

பூட்டினால் நன்மையே இல்லை என்று வாதிடுவோருடன் எனக்கு உடன்பாடு இல்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் என் அம்மாவை அழைத்து, அனுப்பிய இணைப்பைத் தொட்டு ஒரு செயலியை நிறுவச் சொன்னார். அம்மா அவர் சொன்னபடியே செய்தார், டேப்லெட் ஏற்கவில்லை. அம்மா மூன்று முறை முயன்றும் நிறுவ முடியாமல் எனக்கு அழைத்தபோதுதான் விஷயமே தெரிந்தது. அன்று அவருடைய சேமிப்பைக் காப்பாற்றியது அந்தப் பூட்டுதான். அதை நான் எப்போதும் மறக்க மாட்டேன்.

ஆனால் பூட்டு தேவை என்பதால் சாவி உரிமையாளரிடம் இருக்கவே கூடாது என்று ஆகிவிடாது. இதற்கு ஆப்பிளின் சொந்தத் தயாரிப்புகளே சான்று. 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் மேக் கணினிகள் வந்தன; 2021 ஏப்ரலில் அதே எம்1 சில்லுடன் ஐபேட் ப்ரோ அறிவிக்கப்பட்டது. மேக்கில் உரிமையாளர் மீட்பு முறைக்குச் சென்று, தம் கடவுச்சொல்லைக் கொடுத்து, பாதுகாப்பு நிலையைத் தாமே தளர்த்தி வேறு இயங்குதளத்தை ஏற்றலாம். தன்னார்வலர்கள் அந்த வழியாகத்தான், யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை அதில் கொண்டுவந்தார்கள். ஐபேட் ப்ரோவில் அந்த வாய்ப்பே இல்லை. சில்லு ஒன்றாக இருந்தும் உரிமை வேறாக இருப்பதால், பாதுகாப்புக்காக இது தவிர்க்க முடியாதது என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. விண்டோஸ் 8 காலத்திலும் இதே பாகுபாடு இருந்தது. இன்டெல் கணினிகளில், கையொப்பமில்லாத இயங்குதளத்தைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை அணைக்கும் உரிமையைப் பயனருக்குத் தர வேண்டும் என்று விதித்த மைக்ரோசாஃப்ட், ஏஆர்எம் சில்லு கொண்ட விண்டோஸ் ஆர்டி டேப்லெட்டுகளில் அதை அணைக்கவே முடியக் கூடாது என்றும் விதித்தது.

சட்டமும் இதில் தடுமாறியிருக்கிறது. மென்பொருள் பூட்டுகளை உடைப்பதைத் தடைசெய்யும் பதிப்புரிமைச் சட்டத்துக்கான விதிவிலக்குகளை மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆராயும் நடைமுறை அமெரிக்காவில் உண்டு. அதன்படி 2010-இல் போன்களின் பூட்டை உடைக்க, அதாவது ஜெயில்பிரேக் செய்ய, அனுமதி கிடைத்தது. 2012-இல் டேப்லெட்டுகளுக்கும் அதைக் கேட்டபோது, டேப்லெட் என்பதன் வரையறை தெளிவாக இல்லை என்று மறுத்துவிட்டார்கள், 2015-இல்தான் அனுமதித்தார்கள். ஒரே மென்பொருள் ஓடும் இரண்டு கருவிகளில் சிறியதைத் திறந்தால் சட்டம் விட்டுவிடும், பெரியதைத் திறந்தால் விடாது என்ற நிலை மூன்றாண்டு நீடித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் ஐபேடின் இயங்குதளத்தையும் பெருந்தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தும் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்த பிறகு, அங்கே ஐபேடில் வேறு செயலிக் கடைகளுக்கும் வழி பிறந்தது. மறுபக்கம், கடைக்கு வெளியே வழங்கப்படும் செயலிகளை எழுதுவோரும் தங்கள் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற திட்டத்தை 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. திறந்திருந்த கதவு சற்றுச் சாத்தப்படுவதாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது, கருவிக்கு வயதாகும்போது நடப்பதுதான். என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது. திரையில் ஒரு கீறல் கூட இல்லை. மின்கலம் இன்றும் அரை நாள் தாங்குகிறது. ஆனால் அதைத் தயாரித்த நிறுவனம் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டது. மின்னூல் செயலியைத் தொட்டால், இயங்குதளத்தின் புதிய பதிப்பு தேவை என்கிறது. புதிய பதிப்பைத் தேடினால், உங்கள் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட நிலையில் உள்ளது என்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நல்ல நிலையில் உள்ள கருவி ஒன்று வீணாகக் கிடக்கிறது. அதைவிட இரண்டு வயது மூத்த என் மடிக்கணினியிலோ லினக்ஸை நிறுவி இந்தப் பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஆதரவை நிறுத்தும் நாளிலாவது உற்பத்தியாளர் பூட்லோடரைத் திறந்துவிட வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். திருடர் கையில் தரவு சிக்கிவிடும் என்ற பயத்தைக் காரணம் காட்டவும் முடியாது. திறக்கும்போது கருவியில் உள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும் ஏற்பாடு பல ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏற்கெனவே இருக்கிறது.

மகள் நிரல் எழுத விரும்புவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐபேட் விற்பனைக்கு வந்த அதே 2010 ஏப்ரலில், குழந்தைகள் தங்களுக்கான நிரல் மொழியான ஸ்க்ராட்ச்சில் செய்த விளையாட்டுகளையும் கதைகளையும் காட்டும் ஒரு செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. வெளியிலிருந்து வரும் நிரலை ஒரு செயலி தனக்குள் ஓட்டக் கூடாது என்பது அன்றைய விதி. பின்னர் விதிகள் தளர்ந்தன; இன்று ஐபேடிலேயே நிரல் கற்பிக்கும் நல்ல செயலிகள் உள்ளன, ஆப்பிளே ஒன்றைத் தருகிறது. இருந்தாலும், கற்கும் குழந்தை எவ்வளவு ஆழத்துக்குப் போகலாம் என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே, வரையவும் படிக்கவும் டேப்லெட் தாராளமாக வாங்குங்கள். பேனாவால் திரையில் வரையும் சுகத்தை மடிக்கணினி தராது. வாங்கும் முன், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டு வரை கிடைக்கும் என்றும், பூட்லோடரைத் திறக்க அந்த நிறுவனமே வழி தருகிறதா என்றும் பாருங்கள். திறந்த கருவியில் சில வங்கிச் செயலிகள் ஓடாமல் போகலாம் என்பதால், தேவை வரும் வரை பூட்டியே வைத்திருக்கலாம். நிரல் எழுதுவதற்கு யாரேனும் பயன்படுத்திய பழைய மடிக்கணினி ஒன்றைத் தனியாகக் கொடுங்கள். அவள் அதில் எதையாவது கெடுத்துவிட்டால் இயங்குதளத்தை மீண்டும் நிறுவினால் போதும். அந்த வேலையையும் அவளே செய்யட்டும்.