ஜவ்வு விலகலுக்கு எந்தப் பயிற்சி? வலி போகும் திசையைப் பாருங்கள்

கேள்வி: வயது 41. குடியாத்தம் பக்கத்தில் கிராமம். இருபது வருடமாக பீடி சுற்றுகிறேன். மூன்று வாரமாக இடது பிட்டத்தில் தொடங்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கி, கட்டைவிரல் வரை குடைச்சல். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4–எல்5 (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில்) ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் செல்போனில் காட்டியபடி மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கிறேன், நின்று குனிந்து கால்விரலைத் தொடுகிறேன். செய்யும்போது முதுகுக்கு இதமாக இருக்கிறது. அப்புறம் கால் வலி கூடுகிறது. தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். அந்த இரண்டு பயிற்சியையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

காரணம் எளிது. நுங்கை ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும் அல்லவா? முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் ஜவ்வும் அப்படித்தான். முன்பக்கம் குனிந்தால் உள்ளே இருக்கும் கூழ் பின்பக்கம் தள்ளப்படுகிறது. பின்பக்கத்தில்தான் நரம்பு இருக்கிறது. குனியும்போது இறுகிய தசை நீள்வதால் முதுகுக்குச் சுகமாகத் தெரியும். அந்தச் சுகத்துக்கு விலை கொடுப்பது கால்.

பயிற்சிக்கு முன் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் மட்டும் பத்து அடி நடங்கள், பிறகு முன்பாதத்தில் பத்து அடி. உங்களுக்கு அழுத்தப்படுவது பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பு. அது பலவீனப்பட்டால் கட்டைவிரலைத் தூக்க முடியாது, குதிகாலில் நிற்க முடியாது, நடக்கும்போது இடது கால் செருப்பு தானாகக் கழன்று போகும். அப்படி இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சிறுநீர் வருவது தெரியாமல் போவது, அடைத்துக்கொள்வது, மலம் அடங்காமல் போவது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, இரண்டு காலும் துவள்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் அது அவசரம். இரவு எத்தனை மணியானாலும் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்தும் நரம்புகளின் வேலை திரும்பாமலே போகலாம்.

இவை எதுவும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஒரு ஜவ்வு பிதுங்கித்தான் இருந்தது. பிதுங்கிய பகுதியை உடல் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் கால் வலி நன்றாகவே குறைந்துவிடுகிறது.

இனி உங்களுக்கான பயிற்சி. இது நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி பரப்பிய முறை. தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுங்கள், தலையை ஒரு பக்கம் திருப்பி, இரண்டு மூன்று நிமிடம். அதுவே வலித்தால் வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துத் தொடங்கி, நாளாக ஆக அதை எடுத்துவிடுங்கள். அடுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம். இது பழகிய பிறகு உள்ளங்கைகளைத் தோளுக்கு நேரே ஊன்றி, மெதுவாகக் கையை நிமிர்த்தி மேலுடலை எழுப்புங்கள். மேலே போனதும் மூச்சை முழுதாக விட்டு, இறங்குங்கள். பத்து முறை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை.

இதில் எல்லோரும் செய்யும் தவறு இடுப்பையும் சேர்த்துத் தூக்குவது. இடுப்பு எலும்பு பாயிலேயே கிடக்க வேண்டும், பிட்டத்தை இறுக்கக் கூடாது, வேலை முழுக்கக் கையுடையது. பிட்டத்தை இறுக்கினால் அந்த இடத்தில் வளைவே விழாது. பத்து முறை செய்தும் பயன் இருக்காது.

வலி எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கட்டைவிரலில் இருந்தது கெண்டைக்காலோடு நின்றுவிட்டது, பிறகு தொடை, பிறகு பிட்டம், கடைசியில் நடு இடுப்பு என்று மேலே சுருங்கி வந்தால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடியிருந்தாலும் சரியான வழியில் போகிறீர்கள் என்று அர்த்தம். மாறாக இடுப்பு லேசாகி, கால் வலி பாதம் வரை இறங்கி, பயிற்சி முடிந்து பத்து நிமிடம் ஆகியும் அங்கேயே நின்றால், அந்தப் பயிற்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை. நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். எலும்பு நழுவியவர்களுக்கும், வயதாகி நரம்புப் பாதை சுருங்கியவர்களுக்கும் பின்னால் வளைவது பல சமயம் ஆகாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை அப்படியே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டு வாரத்தில் கால் வலி முட்டிக்கு மேலே ஏறிவிட்டால் தசைக்கு பலம் கொடுக்கத் தொடங்கலாம். உள்ளங்கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நாலு கால் நிலையில் நின்று, வலது கையையும் இடது காலையும் தரைக்குச் சமமாக நீட்டி எட்டு வினாடி நில்லுங்கள், பக்கம் மாற்றுங்கள். முதல் சுற்றில் ஆறு, அடுத்ததில் நாலு, கடைசியில் இரண்டு. இடுப்பின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், அது சிந்தக்கூடாது. காலை உயர உயரத் தூக்கினால் இடுப்பு முறுக்கிக்கொள்ளும், டம்ளர் கவிழும். பிறகு மல்லாந்து முழங்கால் மடக்கி, பிட்டத்தைத் தூக்கி ஐந்து வினாடி, பத்து முறை. உட்கார்ந்து எழும் வயிற்றுப் பயிற்சியும், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவதும் மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

நடை அவசியம். ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து நாளுக்கு மூன்று முறை. தாங்கினால் முப்பது நிமிடம் வரை கூட்டுங்கள். சமமான ரோட்டில், வெயில் ஏறுவதற்கு முன் அல்லது சாய்ந்த பிறகு. ஆற்று மணலில் நடந்தால் கால் புதைந்து இடுப்பு இழுபடும்.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறோம். ஒரு நாளில் அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு, மடியில் முறத்தை வைத்து எட்டு மணி நேரம் குனிந்திருந்தால் எந்தப் பயிற்சியும் பலன் தராது. ஸ்வீடன் மருத்துவர் நாக்கெம்சன் ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அளந்தபோது, நிற்கும்போது அழுத்தம் 100 என்றால் முன்னால் வளைந்து உட்காரும்போது 185 வரை போனது. அதனால் முறத்தை மடியிலிருந்து எடுத்து, முழங்கை உயரத்துக்கு வரும் பெட்டி அல்லது மேசை மேல் வையுங்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகின் கீழ் வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். நாற்காலி ஒத்துவராவிட்டால் சுவரில் சாய்ந்து, பிட்டத்துக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டு உட்காருங்கள். இரண்டு கட்டு முடிந்ததும் எழுந்து, இடுப்பில் இரண்டு கையையும் வைத்து ஐந்து முறை பின்னால் வளையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆயிரம் பீடி என்ற கணக்கு கொஞ்சம் குறையலாம், அது எங்களுக்கும் தெரியும். இந்த ஆறு வாரம் மட்டும் வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள்.

காலையில் எழுந்ததும் போடும் கோலத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இரவு படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதற்கு அது மிக மோசமான நேரம். வாசல் பெருக்குவதும் கோலமும் கொஞ்ச நாளைக்கு மகளிடம் இருக்கட்டும். படுக்கையிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள். தொய்ந்த கயிற்றுக் கட்டிலில் படுக்க வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். முக்கும்போது நரம்பின் மேல் அழுத்தம் கூடி, கால் மின்னல் போல வெட்டும்.

இடுப்பு பெல்ட் பஸ் பயணத்துக்கு மட்டும் போதும், நாள் முழுக்கக் கட்டினால் தசை சோம்பிவிடும். சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிப்பவர்களிடம் போகவே வேண்டாம். பிசியோதெரபிக்கு வேலூர் வர பஸ் செலவு கட்டுப்படாது என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். ஊரில் உள்ள சுகாதாரப் பணியாளரிடம் பெயர் கொடுங்கள்.

தண்ணீர்க் குடம் தூக்குவதை மூன்று மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம். அப்போதும் முதலில் பாதிக் குடம், குனிந்து இல்லாமல் முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டி எடுத்து. இரண்டு நாள் கழித்தும் கால் வலி திரும்பவில்லை என்றால் முக்கால் குடம்.