முப்பதைத் தாண்டியும் பரு: கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். என்ன பூசுகிறீர்கள் என்று எழுதும்போது பிராண்டு பெயரோடு நிறுத்தாதீர்கள். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களையும் எழுதுங்கள். ஏன் என்று நாலாவது கேள்வியில் தெரியும்.

ஆந்தைக்கண்: வயது 32. பள்ளிக்காலத்தில் ஒரு பரு வந்ததில்லை. இப்போது தாடையோரம் மட்டும் வலிக்கிற கட்டிகள். எங்கிருந்து ஆரம்பிப்பது மேடம்?

பெண்களுக்கு வயது ஏறி வரும் பரு பெரும்பாலும் தாடையில்தான் குடியேறும். பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் கிளம்புகிறதா என்று இரண்டு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். கூடவே பீரியட்ஸ் தள்ளிப்போவது, மோவாயில் முடி முளைப்பது, உச்சந்தலையில் முடி மெலிவது இருந்தால் முதலில் பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) பரிசோதனை. அதை மேல்பூச்சு மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது.

அதெல்லாம் இல்லையென்றால் இரவில் அடாபலின் 0.1% ஜெல். முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, மொத்த முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. நெற்றி, கன்னங்கள், மோவாயில் புள்ளி வைத்து மெல்லிசாகப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் தொட்டு வைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. இதன் முக்கிய வேலை, துவாரத்துக்குள் அடுத்த பருவாக மாறப்போகும் அடைப்பைத் தடுப்பது; அந்த அடைப்பு உங்கள் கண்ணுக்கு இன்னும் தெரியாது. கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாயோரம் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று இரவு. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். தோல் தாங்கினால் தினமும். எரிந்தால், உரிந்தால், முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல், அதற்கும்மேல் இன்னொரு பூச்சு மாய்ஸ்சரைசர். காலையில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி. ஆரம்பத்தில் பரு கூடுவதுபோல் தெரியலாம். 12 வாரம் முடியாமல் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மழைத்துளி: நான் கர்ப்பமாக இருக்கிறேன். இதே ஜெல் போடலாமா?

வேண்டாம். அசலேயிக் அமிலம் 15 அல்லது 20% என்ற மேல்பூச்சு பற்றி உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளுத்த தலையணை: பென்சாயில் பெராக்சைடு 2.5% போதுமா, 10% வாங்கவா?

பருக் கிருமியைக் கொல்லும் இந்த மருந்துக்கு 2.5 போதும். பலன் ஏறக்குறைய ஒன்றுதான். 10இல் எரிச்சல்தான் கூடுதல். இது துணியை வெளுத்துவிடும் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது போல. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வைத்துக்கொள்ளுங்கள். க்ளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல் எழுதிக்கொடுத்திருந்தால் அதைத் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள், கிருமி பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடும் கூட இருக்க வேண்டும்.

கண்ணாடி: ஒரு க்ரீம் போட்டேன். பத்தே நாளில் முகம் பளபளவென்று ஆனது. நிறுத்தியதும் முன்னைவிட மோசம், ஒரே சிவப்பு, எரிச்சல்.

டியூபைத் திருப்புங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருக்கிறதா? இவை ஸ்டீராய்டுகள். வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அமுக்குவதால் பத்து நாளில் பளபளப்பு. தொடர்ந்தால் தோல் மெலியும், கன்னத்தில் ரத்தநாளங்கள் நூல்நூலாகத் தெரியும், ஒரே மாதிரிப் பொடிப் பருக்கள் கூட்டமாக எழும்பும். நிறுத்தினால் முகம் பழிவாங்கும், உடனே மறுபடி அதையே தேடிப் போவீர்கள். அதுதான் பொறி. மறுபடி தொடாதீர்கள், தோல் மருத்துவரிடம் டியூபோடு போங்கள்.

இரும்புத்தோள்: ஜிம்முக்குப் போகிறேன். தினம் இரண்டு ஸ்கூப் வே புரோட்டீன். முதுகு முழுக்கப் பரு. பவுடர்தான் காரணமா?

இருக்கலாம். வே பாலிலிருந்து வருவது. இன்சுலினையும், அதைப் போன்ற வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1ஐயும் ஏற்றும். இரண்டும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுபவை. டப்பாவில் பி12 எவ்வளவு என்றும் பாருங்கள். அதிக அளவு சிலருக்குப் பருவைக் கிளப்பும்.

சந்தேகப்புலி: பால், பரு எல்லாம் கணக்கெடுப்பில் கிடைத்த தொடர்புதானே? சாக்லேட்டுக்குத் தொடர்பே இல்லை என்று 1969லேயே நிரூபித்தாகிவிட்டது.

அந்த 1969 ஆய்வைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 65 பேர். சாக்லேட் கட்டி ஒன்று, சாக்லேட் இல்லாத கட்டி ஒன்று, நான்கு நான்கு வாரம். வித்தியாசமில்லை என்றார்கள். ஆனால் அந்த ‘வெறும்’ கட்டியிலும் கிட்டத்தட்ட அதே அளவு சர்க்கரை, கொழுப்பு! அதிலிருந்து கோகோவை விடுவிக்கலாம், சர்க்கரையை விடுவிக்க முடியாது.

சந்தேகப்புலி: சரி, சர்க்கரைக்கு என்ன ஆதாரம்?

2007இல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்கள், 12 வாரம். ரத்தத்தில் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது.

சந்தேகப்புலி: அவர்களுக்கு எடையும்தான் குறைந்தது. எது காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

நியாயமான அடி. அதனால்தான் “விட்டால் போய்விடும்” என்று நான் எழுதவில்லை. பாலும் அப்படித்தான்: கொழுப்பு நீக்கிய பாலில் தொடர்பு பலமாகத் தெரிகிறது, தயிரில் அப்படித் தெளிவாக இல்லை. இனிப்புப் பானத்தை விடுவதற்கு இந்த ஆதாரம் தாராளமாகப் போதும். ஒரு உணவு வகையையே வாழ்நாள் முழுக்கத் தள்ளிவைக்கப் போதாது.

புதுவரவு: அடாபலின் இரண்டு வாரமாகப் போடுகிறேன். ஒன்றும் தெரியவில்லை.

12 வாரம்.

எலுமிச்சை: பருமேல் எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் வைக்கலாமா?

கூடாது. சாறு கடும் அமிலம், வெந்து கறுக்கும். டூத்பேஸ்ட் பல்லுக்கு.

நெற்றிக்கண்: நெற்றியில் கடுகு கடுகாக, எல்லாம் ஒரே அளவு, அரிக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் கூடிவிட்டது.

அரிப்பு, ஒரே அளவு, ஆன்டிபயாடிக்கில் கூடியது: மூன்றும் சேர்ந்தால் பருவைவிட மலசீசியா என்ற பூஞ்சைமேல்தான் எனக்குச் சந்தேகம். கரும்புள்ளியே இல்லையென்றால் சந்தேகம் இன்னும் பலம். கீட்டோகோனசோல் 2% ஷாம்பூவை நுரைத்து நெற்றியில் 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள், வாரம் மூன்று முறை. மூன்று நான்கு வாரத்தில் அசையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவசரம்: மூன்று வாரம் ஆச்சு மேடம், இன்னும் பரு வருதே?

மேலே இரண்டு முறை எழுதியாயிற்று.

பளிச்: கண்ணாடி சொன்னாரே, பத்து நாளில் பளபளப்பு, அந்த க்ரீம் பெயர் என்ன?

அவர் சொன்னதில் பாதியைத்தான் படித்திருக்கிறீர்கள். மீதியையும் படியுங்கள்.

இரும்புத்தோள்: பவுடரை நிறுத்துகிறேன். அதே நாளில் பென்சாயில் பெராக்சைடு சோப்பும் ஆரம்பிக்கவா?

இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று சந்தேகப்புலி கேட்பார், பதில் இருக்காது. தழும்பு விழுகிற பரு என்றால் காத்திருக்க வேண்டாம், இரண்டையும் செய்துவிட்டு மருத்துவரையும் பாருங்கள். வெறும் பொடிப்பரு என்றால் முதலில் பவுடரை மட்டும் நிறுத்துங்கள். இன்றே ஒரு படம், பிறகு நான்கு வாரத்துக்கு ஒன்று, அதே விளக்கு, அதே தூரம்.

இரும்புத்தோள்: முதுகை நானே எப்படி எடுப்பது?

யாரையாவது கூப்பிடுங்கள்.