ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில் பக் ரிப்போர்ட் எழுதுவதும் புதிய வசதி கேட்பதும் எப்படி?

"கிட்ஹப்பில் இஷ்யூ போட்டால் 'கூடுதல் விவரம் தேவை' என்று லேபிள் ஒட்டி, சில வாரங்களில் மூடிவிடுகிறார்கள். புதிய வசதி கேட்டாலோ பதிலே இல்லை. எப்படி எழுத வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிட்ஹப் என்பது மென்பொருள்களின் நிரலைப் பகிரும் தளம்; இஷ்யூ என்பது அங்கே பதியும் புகார் அல்லது கோரிக்கை. இப்படி மூடப்படும் இஷ்யூக்களில் அடிக்கடி தென்படுவது ஒரே குறைதான்: படிப்பவரால் தன் கணினியில் அந்தப் பிழையை வரவழைக்க முடியவில்லை. கண்ணில் படாத பிழையைத் திருத்தினாலும், சரியானதா என்று சோதிக்க வழியில்லை. ஆகவே பிழையைத் திரும்ப வரவழைக்கும் வழியைச் சொல்வதில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும். காரணம் பற்றிய ஊகம் இருந்தால் கடைசியில், ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

"பிடிஎஃப் எக்ஸ்போர்ட் வேலை செய்யவில்லை" என்ற தலைப்பை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

தலைப்பு: அட்டவணை அடுத்த பக்கத்துக்கு நீண்டால், பிடிஎஃப்பில் இரண்டாம் பக்கம் வெற்றாக வருகிறது
பதிப்பு: 4.2.1, உபுண்டு 24.04, டிஸ்ட்ரோ பேக்கேஜ் (உபுண்டுவே தரும் நிறுவல் தொகுப்பு)
செய்தது: இணைத்துள்ள கோப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் பிடிஎஃப் எக்ஸ்போர்ட் கொடுத்தேன்
எதிர்பார்த்தது: அட்டவணையின் மீதி வரிசைகள்
நடந்தது: வெற்றுப் பக்கம். ஒவ்வொரு முறையும் இதேதான். 4.1.0இல் சரியாக வந்தது.

இதில் இணைப்புக் கோப்புதான் உயிர்நாடி. 60 பக்க ஆவணத்தை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நகலெடுத்து, பாதியை நீக்கிப் பாருங்கள். பிழை இன்னும் வருகிறதென்றால் மிஞ்சியதிலும் பாதியை நீக்குங்கள். மறைந்துவிட்டால் நீக்கியதைத் திரும்ப வைத்து மறுபாதியை நீக்குங்கள். ஐந்தாறு சுற்றில் ஒன்றிரண்டு பக்கத்துக்கு வந்துவிடும். இரண்டு பாதிகளும் தனித்தனியே ஒழுங்காக இருந்தால், இரண்டிலும் உள்ள ஏதோ சேரும்போதுதான் பிழை வருகிறது என்று பொருள். அந்தத் தடயத்தையும் எழுதுங்கள். சொந்தத் தகவல்கள் இருந்த இடத்தில் பொருளற்ற எழுத்துகளை நிரப்பிவிட்டு, பிழை அப்போதும் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"4.1.0இல் சரியாக வந்தது" என்ற வரியும் அதே பாதியாக்கும் வேலைக்கு வழிவிடுகிறது. மூல நிரலை பில்ட் செய்யத் (ஓடும் மென்பொருளாக மாற்றத்) தெரிந்தவர்கள் கிட் பைசெக்ட் ஓட்டலாம்; பதிப்புகளைப் பாதி பாதியாகச் சோதித்துப் பிழை நுழைந்த இடத்தைத் தேடும் கட்டளை இது. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவே 1,000 கமிட்கள் (நிரலில் பதிவான மாற்றங்கள்) இருந்தாலும், சுமார் 10 சோதனைகளில் பிழையைக் கொண்டுவந்த கமிட் அகப்பட்டுவிடும். நடுவில் ஏதாவது பில்ட் ஆகாவிட்டால் ஸ்கிப் கொடுத்துத் தாண்டலாம். இந்த ஒரு கமிட் எண், பத்துப் பத்தி விளக்கத்தைவிட மதிப்பு வாய்ந்தது.

இஷ்யூ போடுவதற்கு முன், பிழை உண்மையில் அந்த மென்பொருளுடையதுதானா என்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸில் ட்ரபிள்ஷூட் மோட், லிப்ரே ஆபிஸில் சேஃப் மோட் இருக்கின்றன. அவற்றில் பிழை மறைந்தால் பெரும்பாலும் நீட்சிகளிலோ உங்கள் அமைப்புகளிலோ கோளாறு இருக்கும். டெபியன் ஸ்டேபிள் போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் பேக்கேஜ் பழையதாக இருக்கும். புதிய பதிப்பில் ஏற்கெனவே திருத்தியிருக்கலாம். டெபியன் பேக்கேஜ் குறித்து அங்கேயே புகார் செய்வதானால், ரிப்போர்ட்பக் என்ற கருவி பேக்கேஜ் பதிப்புகளைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

பிழைச்செய்தியைப் படமாக ஒட்டாதீர்கள், எழுத்தாக ஒட்டுங்கள்; படத்துக்குள் இருப்பது தேடலில் கிடைக்காது. டெர்மினலில் செய்தி வேறு மொழியில் வந்தால், மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் (LC_ALL) மாறியில் சி (C) என்று வைத்து அதே கட்டளையை ஓட்டினால் பொதுவாக ஆங்கிலத்தில் வரும். ஆனால் கோப்புப் பெயரின் எழுத்துகளால் வரும் பிழையென்றால் இப்படிச் செய்வது பிழையையே மாற்றிவிடக்கூடும். லாகை (மென்பொருள் எழுதும் செயல்பாட்டுப் பதிவை) ஒட்டுமுன் அதில் டோக்கன் (கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீடு), பாஸ்வேர்ட் கிடக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் பொது இஷ்யூவே கூடாது. மூல நிரலோடு உள்ள செக்யூரிட்டி.எம்டி (SECURITY.md) கோப்பில் தனியாகத் தெரிவிக்கும் வழி பெரும்பாலும் இருக்கும்.

இனி புதிய வசதி. இங்கே பலர் தீர்விலிருந்து தொடங்குகிறார்கள்: "டூல்பாரில் ஒரு பட்டன் வையுங்கள்." படிப்பவருக்கு உங்கள் சிரமம் தெரியாததால், வேண்டும் வேண்டாம் என்ற இரண்டைத் தவிர அவர் சொல்ல ஒன்றுமில்லை. "தினமும் 40 கோப்புகளை எக்ஸ்போர்ட் செய்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கிளிக் ஆகிறது" என்று எழுதினால், பட்டனைவிடக் கட்டளைவரி வசதி பொருத்தம் என்று அவரே சொல்லலாம். அது ஏற்கெனவே இருக்கவும் கூடும்.

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் மாற்றங்களை முன்மொழியும் ஆர்எஃப்சி படிவத்தில் பாதகங்களுக்கும் மாற்று வழிகளுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. பைத்தான் மொழிக்கான முன்மொழிவுகளான பெப் ஆவணங்களில் நிராகரித்த யோசனைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. சின்ன ப்ராஜெக்ட்டிலும் இதைக் கடைப்பிடிக்கலாம்: இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள், அது ஏன் போதவில்லை, இதனால் யாருக்கு இடைஞ்சல் வரும் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒருமுறை சேர்த்த வசதியை ஆண்டுக்கணக்கில் பராமரிக்கப் போகிறவர் உங்கள் இஷ்யூவைப் படிப்பவர்தான், அவர் தயங்குவது நியாயமே.

நீங்களே எழுதித் தருவதானாலும், 2,000 வரி புல் ரிக்வெஸ்ட்டோடு (எழுதிய நிரலைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையோடு) போய் நிற்காமல் முதலில் இஷ்யூவில் கேளுங்கள். ஏற்கவில்லையென்றால், ப்ளகின் (தனியாகச் சேர்க்கும் நீட்சி) எழுத இடமிருக்கிறதா என்று அதே இடத்தில் கேட்டுவிடுங்கள்.