சர்வர் படுத்தால் ஆட்டோமவுண்ட் போட்ட கணினியும் ஏன் தொங்குகிறது?
சர்வரின் என்எஃப்எஸ் பகிர்வை (நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் முறை) லினக்ஸ் கணினியில் பூட்டின்போதே இணைக்கும் எஃப்ஸ்டேப்பை விட்டு, தொடும்போது மட்டும் இணைக்கும் (ஆட்டோமவுண்ட்) ஆட்டோஎஃப்எஸ்ஸுக்கு மாறியும் தொங்கல் தீரவில்லை என்கிறீர்கள். தீராது. ஆட்டோமவுண்ட் சரிசெய்வது பூட் நேரத்தில் சர்வர் இல்லாவிட்டால் வரும் சிக்கலைத்தான்.

ஒரு புரோகிராம் பகிர்வு இணையும் பாதையைத் தொட்டதும், மவுண்ட் (இணைப்பு) முடியும்வரை லினக்ஸின் மையமான கெர்னல் அந்தப் புரோகிராமைக் காக்க வைக்கும். தொடுவது நீங்களாகவே இருக்க வேண்டியதில்லை. ஃபைல் மேனேஜர் ஐகான் காட்டப் போய்த் தொடும், பேக்கப் ஸ்கிரிப்ட் தொடும். அடிக்கடி தொட்டுக்கொண்டே இருந்தால் சும்மா கிடக்கும் மவுண்டைக் கழற்றும் ஐடில் டைமவுட் வராது, மவுண்டும் கழலாது. அந்த நேரம் பார்த்து சர்வர் போனால், என்எஃப்எஸ்ஸின் இயல்பான ஹார்ட் மவுண்ட் விடாமல் மறுபடி மறுபடி முயலும். என்ன ஆயிற்று என்று பார்க்க டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை அடித்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும்!

இதற்கு மாற்றான சாஃப்ட் மவுண்ட், டைமவுட் ஆனதும் பிழை சொல்லி விட்டுவிடும். ஆனால் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடலாம். பல புரோகிராம்கள் அந்தப் பிழையைக் கண்டுகொள்வதே இல்லை. படிக்க மட்டுமான பகிர்வுக்கு சாஃப்ட், ஹோம் டைரக்டரிக்கு ஹார்ட் என்பதே என் தேர்வு.