கேள்வி–பதில்: பாதை போடுவதிலேயே வந்த பணம்

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில் முதலாளிகள் பயணக் கட்டணத்திலும் சரக்குக் கூலியிலுமா அவ்வளவு செல்வம் சேர்த்தார்கள்?
— வாசகர், காரைக்குடி

பதில்: அந்த வருமானமும் உண்டு, ஆனால் பசிபிக் கரைக்குப் பாதை போட்டவர்கள் பலர், வண்டி ஓடுவதற்கு முன்பே காண்டிராக்டில் சம்பாதித்துவிட்டார்கள். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று அரசு தன் கடன் பத்திரங்களைக் கொடுத்ததோடு, பாதையோர நிலத்தையும் இனாமாக வழங்கியது. மேற்குப் பகுதி வேலையை எடுத்த சென்ட்ரல் பசிபிக் கம்பெனி, கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரத்து வணிகர் நால்வர் கையில் இருந்தது. அவர்களில் ஸ்டான்ஃபோர்டு மளிகை வியாபாரி. ஹண்டிங்டனும் ஹாப்கின்ஸும் இரும்புக்கடைப் பங்காளிகள். கிராக்கர் ஜவுளி வியாபாரி. ஊரைத் தாண்டிச் சில மைல் தொலைவில், கண்ணுக்கெட்டிய வரை சமதரையாகக் கிடந்த ஆர்கேட் ஓடையிலேயே சியரா நெவாடா மலை தொடங்குவதாக மாநில நிலவியலாளர் சொல்ல, லிங்கனும் அதை ஏற்றார். சமதரைக்கு மலை ரேட் கிடைத்தது.

இதைவிடப் பெரிய தந்திரம், இயக்குநர்களே தனியாக ஒரு கட்டுமானக் கம்பெனி தொடங்கி, ரயில் கம்பெனியின் சார்பில் அதற்கே கூடுதல் விலைக்குக் காண்டிராக்ட் கொடுத்ததுதான். கடன் ரயில் கம்பெனியின் தலையில் விழ, லாபம் இவர்கள் பைக்குப் போனது. கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக்கில் இந்த வேலையைச் செய்தது ‘கிரெடி மொபிலியே’ என்ற கம்பெனி. மண்வெட்டி தயாரிப்பாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஓக்ஸ் ஏம்ஸ், அதன் பங்குகளைச் சக உறுப்பினர்களுக்கு மலிவாக விற்றுவைத்தார். 1872-இல் பத்திரிகை ஒன்று குட்டை உடைத்தது. மறு ஆண்டு நாடாளுமன்ற அவைக்கு வந்த மனம், ஏம்ஸுக்குக் கண்டனத் தீர்மானம் போடும் அளவுக்குத்தான் இருந்தது. நால்வரின் கட்டுமானக் கம்பெனிக் கணக்குப் புத்தகங்களோ, 1887-இல் விசாரணைக் குழு கேட்டபோது, கிடைக்கவே இல்லை.

கேள்வி: எல்லோருமே அப்படித்தானா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ஜேம்ஸ் ஜெ. ஹில்லைத் தனியாக வைக்க வேண்டும். மினசோட்டா மாநிலத்தில் அவர் கூட்டாக வாங்கிய பழைய ரயில் கம்பெனியோடு வந்த மானிய நிலம் அவருக்கும் இருந்தது. ஆனால் அதற்கு மேற்கே, மத்திய அரசின் நில மானியம் இல்லாமல், 1893-இல் கிரேட் நார்தர்ன் பாதையைப் பசிபிக் கரைக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் யூனியன் பசிபிக்கும், நார்தர்ன் பசிபிக் என்ற இன்னொரு ரயில் கம்பெனியும் திவாலாயின. இவருடைய கம்பெனி தப்பித்தது.