கண்ணாடிப் பெட்டிக்கு உண்டு, ஸ்கேனுக்கு இல்லை: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகள் பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். முதல் குழந்தை 31-ஆவது வாரத்திலேயே பிறந்து, ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அந்தச் செலவை அலுவலகத்தின் குழுக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. இப்போது மறுபடியும் கருவுற்றிருக்கிறாள். கருப்பை வாயின் நீளத்தை 16-ஆவது வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அந்த ரசீதுகளை அனுப்பினால், ‘மருத்துவமனையில் சேரவில்லை’ என்று கிளெய்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவற்றுக்குக் கட்டாயம் பணம் தர வேண்டும் என்று சட்டம் போட முடியாதா?
— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: போட முடியும், போடத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எந்தப் பரிசோதனைகளைக் கட்டாயமாக்குவது என்பதில் கறாராக இருக்க வேண்டும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது வரையறையின்படி, ‘மகப்பேறு செலவு’ என்பது மருத்துவமனையில் சேர்ந்து பிரசவிக்கும் செலவையும் சட்டப்படியான கருக்கலைப்புச் செலவையுமே குறிக்கிறது. மாதாந்திரப் பரிசோதனை புறநோயாளிக் கணக்கில் போய்விடுவதால், பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய அதற்குப் பணம் கிடைப்பதில்லை. குழந்தை முன்கூட்டியே பிறந்து வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் கிடந்தால் லட்சங்களைக் கொடுக்கிற நிறுவனம், அதைத் தடுக்க உதவும் சில ஆயிரங்களுக்குக் கையை விரிக்கிறது. அறத்தை விடுங்கள், கணக்காகப் பார்த்தாலும் இது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மகளுக்குச் சொல்லப்பட்ட பரிசோதனை வீண் செலவல்ல. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதையே குறைமாதப் பிரசவம் என்கிறோம். 2020-இல் உலகில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன, அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் பிறந்தவர்கள். ஒரு முறை குறைமாதத்தில் பிரசவித்தவருக்கு மறுமுறையும் அவ்வாறு நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 24 வாரத்துக்குள் கருப்பை வாய் 25 மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியிருப்பது தெரிந்தால், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தைப் பிறப்புறுப்பினுள் வைத்தோ, கருப்பை வாயில் தையல் போட்டோ பிரசவத்தைத் தள்ளிப்போட முயலலாம். இது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பலருக்குப் பலிக்கிறது. (‘ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது’ என்று நம் வீடுகளில் இன்னமும் சொல்கிறார்கள். அது சரியல்ல. நிறைமாதம் வரை வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஆதாயமே.)

நம் நாட்டில் இப்படிக் கட்டாயப்படுத்திய முன்மாதிரியும் உண்டு. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு விதித்தது. மகப்பேறு விஷயத்தில் நிறுவனங்கள் சொல்லும் மறுப்பையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது: குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த பிறகே பலர் தனிநபர் பாலிசி வாங்குவதால், செலவு ஒரு சிலர் தலையில் விழுந்து பிரீமியம் ஏறும் என்கிறார்கள். நீண்ட காத்திருப்புக் காலம் வைப்பதும் அதனால்தான். ஆனால் குழுக் காப்பீட்டில் அந்த வாதம் நிற்காது. அங்கே ஆண்களும் பெண்களும், இளையவர்களும் மூத்தவர்களுமாகச் சுமை ஏற்கெனவே பரவிக் கிடக்கிறது. ஆகவே கட்டாயத்தை அங்கிருந்து தொடங்கலாம். கண்டறிந்தால் செய்வதற்கு ஒரு சிகிச்சை உள்ள பரிசோதனைகளை மட்டும் பட்டியலில் வைக்கலாம்: கருப்பை வாய் அளவு, இரத்த அழுத்தம், இரத்தசோகை, சிறுநீர்த் தொற்று. பரிசோதனைக் கூடங்கள் விற்கும் ‘பேக்கேஜ்’ முழுவதையும் அதில் ஏற்றினால் பிரீமியம் ஏறுவது நிச்சயம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மகளின் அலுவலக மனிதவளப் பிரிவில், பாலிசியில் பிரசவத்துக்கு முந்தைய, பிந்தைய செலவுக்கான பிரிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். சில குழு பாலிசிகளில் மகப்பேறு வரம்புக்குள்ளேயே ஒரு சிறு தொகை அதற்கென்று உண்டு. கேட்காததால் பலர் அதை இழக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பொருந்தினால், அதில் வெளிநோயாளிச் சிகிச்சையும் அடங்கும். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி, நான்காம் மாதம் முதலான கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டமும் 2016 முதல் நடக்கிறது. தாயி கார்டையும் (கர்நாடக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் அட்டை) முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கையோடு கொண்டு போகட்டும்.

கேள்வி: என் மனைவிக்கு டபுள் மார்க்கரும் என்.டி. ஸ்கேனும் நார்மல். இனி குறைமாதப் பிரசவம் வராது என்று நினைக்கலாமா?
— ஒரு வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: நினைக்க வேண்டாம். டபுள் மார்க்கர் என்ற இரத்தப் பரிசோதனையும், சிசுவின் பிடரிப் பகுதியை அளக்கும் என்.டி. ஸ்கேனும் முக்கியமாக டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைகளைத் தேடுபவை. ஆனால் அவற்றைச் செய்யும் அதே 11 முதல் 14 வாரத்துக்குள், இரத்த அழுத்தத்தையும் கருப்பைத் தமனிகளின் ஓட்டத்தையும் பார்த்து, பின்னால் இரத்த அழுத்தக் கோளாறு வரக்கூடியவர்களை இனம்காண முடியும். அந்தக் கோளாறு முற்றினால், தாயைக் காக்க மருத்துவர்களே முன்கூட்டிப் பிரசவம் பார்க்க நேரிடுகிறது. இவ்வாறு இனம்கண்ட பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், 37 வாரத்துக்கு முன் பிரசவம் பார்க்க வேண்டிவரும் அளவிலான கோளாறு 62 சதவீதம் குறைந்தது. மாத்திரைக்குச் சில்லறைக் காசுதான் ஆகும். ஆனால் 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், அதுவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே. அடுத்த முறை போகும்போது இதைக் கேளுங்கள்.