நேபாளத் தேயிலைக்கு வரிவிலக்கு: மூலச் சான்றிதழ் மட்டும் போதுமா?

கேள்வி: ஈரோட்டில் சொந்தப் பெயரில் பொட்டலத் தேயிலை விற்கிறேன். நேபாளத்தின் ஜாப்பாவிலிருந்து 5,000 கிலோ சிடிசி (குருணைத் தூள்), இலாமிலிருந்து 1,000 கிலோ ஆர்த்தடாக்ஸ் (சுருட்டிய இலைத் தேயிலை) வாங்கினேன். லாரி நேபாள எல்லையிலுள்ள பானிடங்கி கஸ்டம்ஸில் நிற்கிறது. மூலச் சான்றிதழ் (எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்று) கொடுத்தும், இலை எங்கே விளைந்தது என்று எழுத்தில் விளக்கம் கேட்கிறார்கள். உணவுத் தரச் சோதனைக்கு சாம்பிளும் எடுத்துவிட்டார்கள். ஆர்த்தடாக்ஸை டார்ஜிலிங் தேயிலையோடு கலந்து 'டார்ஜிலிங் பிளெண்ட்' என்று விற்க உத்தேசம். என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த விளக்கக் கடிதத்துக்குப் பதில் கொடுங்கள். அதற்குக் கெடு இருக்கிறது.

வெளிநாட்டுத் தேயிலைக்கு இந்தியாவில் அடிப்படைச் சுங்க வரியே 100 சதவீதம். இந்திய-நேபாள வர்த்தக ஒப்பந்தத்தின்படி நேபாளத்தில் விளைந்த தேயிலைக்கு அந்த வரி கிடையாது, 5 சதவீத ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) மட்டும் உண்டு. 12 லட்ச ரூபாய்ச் சரக்கு என்றால், விலக்கு கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் வித்தியாசம் அடிப்படை வரியில் மட்டும் 12 லட்சம். வேறு நாட்டுத் தேயிலையை நேபாளத்தில் சாக்கு மாற்றிக் கொண்டுவந்தாலும் சான்றிதழில் நேபாளம் என்றே இருக்கும். அதனால் அதிகாரிகள் துருவிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சுங்கச் சட்டத்தின் 28டிஏ பிரிவும் 2020-ல் வந்த மூல விதி நிர்வாக விதிகளும் (கரோடார்) இந்தப் பொறுப்பை இறக்குமதியாளர் தலையில்தான் வைத்திருக்கின்றன. சான்றிதழை வாங்கி நீட்டினால் கடமை முடிந்துவிடாது. அந்த விதிகளின் படிவம் 1-ல் உள்ள விவரங்கள் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதி அறிவிப்பு) போடும்போதே உங்கள் கையில் இருக்க வேண்டும். 5 ஆண்டுகள் பத்திரப்படுத்தவும் வேண்டும். அதிகாரி கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும்.

எதைக் கொடுப்பது? தொழிற்சாலையின் பச்சை இலைக் கொள்முதல் பதிவேடு, உற்பத்திப் பதிவேட்டில் உங்கள் லாட் (சரக்குத் தொகுதி) எண் வரும் பக்கம், இன்வாய்ஸ், வங்கி வழியாகப் பணம் போனதற்கான ஆதாரம். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். உங்கள் 5,000 கிலோ சிடிசிக்கு 22,500 கிலோ அளவுக்காவது இலை வந்ததைப் பதிவேடு காட்டவேண்டும். தேதியையும் பாருங்கள். இலாம் மலையில் குளிர்காலத்தில் கொழுந்து பறிப்பதில்லை. ஜனவரி உற்பத்தி என்று காகிதம் சொன்னால் அடுத்த கேள்வி அங்கேதான் விழும். உங்களுடையது இரண்டு தொழிற்சாலைச் சரக்கு. ஒவ்வொன்றின் சான்றிதழும் இன்வாய்ஸும் எடையிலும் லாட் எண்ணிலும் தனித்தனியே பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தகராறு இங்கேதான் கிளம்புகிறது.

ஒரு எச்சரிக்கை. ஏதாவது காகிதம் இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள். பின்தேதியிட்டு ஒன்றைத் தயார் செய்து தர ஏஜென்ட் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பொய் ஆவணத்துக்கு 114ஏஏ பிரிவின்படி சரக்கு மதிப்பைப் போல் 5 மடங்கு வரை அபராதம் போடலாம். கையெழுத்துப் போட்டவர் நீங்கள், ஏஜென்ட் அல்ல.

சரிபார்ப்பு இழுத்தால் லாரியைக் காக்க வைக்காதீர்கள். வரி வித்தியாசத்துக்கு ஈடான பிணை கொடுத்து சரக்கை விடுவிக்கும்படி 28டிஏ பிரிவிலேயே மனு கொடுக்கலாம். அது தாமதமானால், 49-ஆம் பிரிவின்படி கிடங்கில் 30 நாள் வைக்க அனுமதி கேளுங்கள். மழைக்காலத்தில் லாரியில் கிடக்கும் தேயிலை ஈரம் இழுத்துக்கொள்ளும். பிறகு வழக்கில் வென்றும் பயனில்லை.

உணவுத் தரச் சோதனை தனிப் பாதை. எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தடையின்மைச் சான்று வராமல், வரி விவகாரம் முடிந்தாலும் சரக்கு வெளியே வராது. இறக்குமதிக்கான மத்திய உரிமம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மொத்தச் சாம்பல் 4 முதல் 8 சதவீதத்துக்குள்ளும், நீரில் கரையும் சாரம் 32 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். காம்பும் நாரும் மண்டிய மலிவுத் தூள் சாரச் சோதனையில் தோற்கும், மண் கலந்தது அமிலத்தில் கரையாத சாம்பல் சோதனையில் தோற்கும். தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. அறிக்கை பாதகமாக வந்தால் அன்றே மேல்முறையீட்டுக்குக் கிளம்புங்கள். எடுத்த சாம்பிளின் இரண்டாவது பகுதியை மேல்முறையீட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த முறை, பணம் கட்டுவதற்கு முன்பே என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகார ஆய்வகத்தில் லாட் சாம்பிளைச் சோதித்துவிடுங்கள்.

இனி 'டார்ஜிலிங் பிளெண்ட்'. இதைக் கைவிடுங்கள். இலாமும் டார்ஜிலிங்கும் எல்லையை ஒட்டிய மலைகள்தான், கோப்பையில் ருசியும் நெருங்கி வரும். ஆனால் புவிசார் குறியீடு ருசியைப் பார்ப்பதில்லை, விளைந்த இடத்தைப் பார்க்கிறது. டார்ஜிலிங் என்ற பெயர் முழுக்க முழுக்க டார்ஜிலிங் தேயிலைக்கே உரியது. 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் பொய்க் குறியீட்டுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. 2021 நவம்பரில் தேயிலை வாரியம் போட்ட உத்தரவுகளும் இதைத்தான் சொல்கின்றன: இறக்குமதித் தேயிலையைக் குறியீடு பெற்ற தேயிலைகளோடு கலக்கக்கூடாது, விற்பனை இன்வாய்ஸில் பிறந்த நாட்டைக் காட்ட வேண்டும். நீலகிரி ஆர்த்தடாக்ஸும் குறியீடு பெற்றதுதான். அதோடும் கலக்க முடியாது.

'நேபாள இலாம் ஆர்த்தடாக்ஸ்' என்றே தனிப் பொட்டலமாகப் போடுங்கள். இலாமில் 1863 முதல் தேயிலை விளைகிறது. மறைத்து விற்க வேண்டிய பெயரல்ல அது. பொட்டலத்தில் பிறந்த நாடு, இறக்குமதியாளர் முகவரி, உரிம எண் மூன்றும் இருக்கட்டும். இறக்குமதி லாட் எண்ணைப் பொட்டல பேட்ச் எண்ணோடு இணைத்து ஒரு பதிவேடு இன்றே தொடங்குங்கள். சிடிசியைக் குறியீடு இல்லாத தூளோடு கலந்தாலும் அதே பதிவேட்டில் எந்த லாட், எத்தனை கிலோ என்று எழுதுங்கள். ஓராண்டு கழித்து அதிகாரி கடையில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து கேட்டாலும், அந்தப் பக்கத்தைத்தான் அவரிடம் காட்டவேண்டியிருக்கும்.